நாய்க்குடையும் ஓநாய்க் குசுவும்: காளான் பெயர்கள் பற்றி ஒரு பதில்

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெள்ளைக்காரங்க காட்டுக் காளானுக்கு வச்சிருக்கிற பேரெல்லாம் படிச்சா சிரிப்பா வருது. செத்தவன் விரல், சூனியக்காரி வெண்ணெய், அழுகிற விதவைன்னு போய்க்கிட்டே இருக்கு. நம்ம திருநெல்வேலிப் பக்கம் நாய்க்குடையைத் தவிர வேற பேரே கிடையாதா? பேரை வச்சு எதைத் திங்கலாம், எதைத் திங்கக்கூடாதுன்னு சொல்ல முடியுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. அதன் காரணத்தைக் கடைசியில் பார்ப்போம்.

முதல் கேள்விக்கு வருவோம். நம்மிடமும் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் நம் ஆட்கள் காளானை அடுப்படியில் நின்று பார்த்தவர்கள். சட்டியில் போட முடிகிறதற்கு மட்டும் தனிப்பெயர் வைத்தார்கள், மிச்சம் அத்தனையையும் நாய்க்குடை என்று ஒரே வார்த்தையில் கழித்துக் கட்டிவிட்டார்கள். இங்கிலாந்துக்காரர்களோ காட்டுக் காளானைத் தின்னப் பயந்தவர்கள். தள்ளி நின்று பார்த்தவனுக்கு விரல், காது, வெண்ணெய், தாடி எல்லாம் தெரியத்தானே செய்யும்!

நாய்க்குடையில் குடை புரிகிறது. நாய் எதற்கு? நாய் மூத்திரம் பெய்த இடத்தில் முளைக்கும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தியில் ஒளிவுமறைவே இல்லாமல் 'குக்குர்முத்தா' என்கிறார்கள், அதாவது நாய் மூத்திரம். எனக்கு அந்த விளக்கத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாய்க்கடுகு, நாய்த்துளசி, பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, நரிவெங்காயம் என்ற வரிசையில் வைத்துப் பாருங்கள். பார்க்க அசல் மாதிரியே இருக்கும், ஆனால் வீட்டுக்கு ஆகாது. அப்படிப்பட்டதற்கெல்லாம் முன்னால் ஒரு நாயையோ பேயையோ நரியையோ கட்டிவிடுவது நம் வழக்கம். நாய்க்குடையிலும் நாய் அந்த வேலையைத்தான் செய்கிறது என்பது என் எண்ணம். ஆங்கிலத்திலும் இதே பழக்கம் உண்டு. வாசனையில்லாத வயலட் பூவுக்கு அங்கே 'நாய் வயலட்' என்று பெயர்.

நாய் நம்மிடம் மட்டும் நிற்கவில்லை. தெலுங்கில் குக்ககொடுகு, கன்னடத்தில் நாயிகொடெ, இரண்டுக்கும் நாய்க்குடை என்றே பொருள். மராட்டியிலும் நாயின் குடைதான். இந்தியில் பாம்பின் குடை என்றும் ஒரு பெயர் உண்டு. வங்காளத்துக்குப் போனால் குடை தவளையின் கைக்கு மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது தேரையின் முக்காலி, டச்சுக்காரர்களுக்கும் அப்படியே. ஆகமொத்தம் மனுசனுக்கு ஆகாத ஏதோ ஒரு ஜீவன் அதன் கீழே ஒண்டியிருக்க வேண்டும் அல்லது மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். சிங்களவர்களுக்கு மட்டும்தான் நல்ல மனசு. 'பிம்மல்' என்பார்கள், அதாவது தரைப்பூ.

இப்போது நம் ஊர் அடுப்படிப் பெயர்களைப் பார்ப்போம். முதல் மரியாதை புற்றுக்காளானுக்கு, பேச்சில் புத்துக்காளான். கடையம், பாபநாசம், அம்பாசமுத்திரம் என்று மலையடிவாரத்து ஊர்களில் ஆனி ஆடிச் சாரலிலேயே தலைகாட்டும். கிழக்கே மானூர், நாங்குநேரி என்று போனால் ஐப்பசி மழை வரை காத்திருக்க வேண்டும். இடி இடித்தால் காளான் வெடிக்கும் என்று சொல்வார்கள். இடிக்கு என்ன பங்கோ, ஈரத்துக்கு நிச்சயம் பங்கு உண்டு. அதனால்தான் ஈசல் பறக்கிற நாட்களை ஒட்டியே காளானும் கிளம்புகிறது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அந்த வீட்டைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். செவல் தரையில் மண் லேசாக வெடித்திருக்கும். உள்ளே குனிந்து பார்த்தால் கூரான ஒரு கருத்த முனை தெரியும். மறுநாள் காலையில் அது குடை விரித்து, நடுவில் அந்த முனை மட்டும் குமிழாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் தண்டு ஒடிந்துவிடும். பக்கத்து மண்ணைக் கம்பியால் நெகிழ்த்திக்கொண்டே போனால் தண்டுக்குக் கீழே வேர் மாதிரி ஒன்று இறங்கிப் போகிறது தெரியும். சில சமயம் ஒரு முழத்தையும் தாண்டும். அது போய் முடிகிற இடம் கறையானின் தோட்டம். கறையான்கள் காய்ந்த இலை, குச்சி, வைக்கோலைத் தின்று கழித்து, அந்தக் கழிவை மடிப்பு மடிப்பாகக் கட்டி, அதில் பூஞ்சை வளர்த்துச் சாப்பிடுகின்றன. நம்மால் செரிக்க முடியாத மரச்சக்கையை அவற்றுக்கு உணவாக்கித் தருவது அந்தப் பூஞ்சைதான். மழை பெய்து மண் இளகியதும் அதே பூஞ்சை மேலே ஆள் அனுப்புகிறது. அந்த ஆள்தான் நம் குழம்புக்கு வருகிறார்.

கறையான் இல்லாமல் இதைக் கட்டுப்படியாகிற மாதிரி வளர்த்தெடுக்க மனிதனால் இன்னும் முடியவில்லை. அதனால்தான் சூப்பர் மார்க்கெட்டில் இது கிடைக்காது. மழைக்காலத்தில் ஓலைப்பெட்டியில் வைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருக்கிற ஆச்சியிடம் அவர் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும். கறிக்கு அரைக்கிற மசாலாவையே இதற்கும் அரைப்பார்கள். இதனாலேயே இதைத் தொடாத சைவ வீடுகளும் உண்டு.

அறிவியலில் இந்தப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர், கறையான் பூஞ்சை என்று பொருள். 1942இல் ரோஜே ஹெய்ம் என்ற பிரெஞ்சு அறிஞர் வைத்தது. தெலுங்குக்காரர்கள் 'புட்டகொடுகு' என்று, அதாவது புற்றுக்குடை என்று, சொல்லிவந்ததையே அவர் லத்தீன் கோலத்தில் சொல்லியிருக்கிறார். பிறகு 1979இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் தென்னிந்தியாவில் கிடைத்த ஒரு வகையைப் புதிய இனமாக விவரித்து, ஹெய்மைக் கௌரவிக்க டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மியை என்று பெயர் சூட்டினார். நம் புற்றின் மேல் ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர் ஏறிய கதை இது.

இதற்கு ஒரு பொடித் தம்பி உண்டு, அரிசிக்காளான். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் அரிக்கூண்தான். தரையில் அரிசி கொட்டிவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்குப் பொடியாக, வெள்ளையாக, நூற்றுக்கணக்கில் முளைத்துக் கிடக்கும். இதற்கு அந்த நீண்ட வேர் கிடையாது. கறையான்கள் தோட்டத்துத் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து போட, அந்தத் துணுக்குகளிலிருந்தே இது முளைக்கிறது. மண்ணைத் துளைக்கிற வேலை இல்லாதவனுக்கு எதற்கு வேர்? இவை தவிர வைக்கோல் படப்பில் வருவது வைக்கோல் காளான். எங்கே முளைக்கிறது, எவ்வளவு பெரிசு, இவ்வளவுதான் நம் ஆட்களுக்குத் தேவைப்பட்டது.

கறையானையும் காளானையும் சேர்த்துப் பார்த்ததில் தமிழன் முந்திக்கொண்டான் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணனின் ஏழைச் சமையலறை வருகிறது. 'கணச்சிதல் அரித்த பூழி பூத்த புழற்காளாம்பி' என்கிறது வரி. சிதல் என்றால் கறையான், செல்லரித்துப்போச்சு என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தச் செல். அது அரித்துத் தள்ளிய புழுதியில் உள்ளே துளையுள்ள காளான் பூத்து நிற்கிறது. அடுப்பு எரியாத வீடு என்பதற்கு அடையாளம். புறநானூற்றிலும், சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் 'ஆம்பி பூப்ப' என்று பெருந்தலைச் சாத்தனார் பாடியிருக்கிறார். எனக்கு இதில் பிடித்த சமாசாரம் வேறு. சிறுபாணாற்றுப்படையில் அந்தக் காளானுக்கு இரண்டு வரி முன்னாலேயே குட்டி போட்ட நாய் ஒன்று குரைத்துக்கொண்டிருக்கிறது. நாயும் காளானும் ஒரே அடுப்படியில்! இதிலிருந்து நாய்க்குடை வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன், ஆனால் படிக்கிறபோதெல்லாம் சிரிப்பு வரும்.

சரி, வெளிநாட்டுப் பெயர்களுக்கு வருவோம். நீங்கள் சொன்ன செத்தவன் விரலிலேயே தொடங்கலாம். மக்கிய மரக்கட்டையின் அடியில் கருப்பாக, மொழி மொழியாக, மண்ணிலிருந்து யாரோ கை நீட்டுகிற மாதிரி நிற்கும். ஒடித்தால் உள்ளே வெள்ளை. இதன் பங்காளி ஒன்று கறையான் புற்றிலேயே குடியிருக்கிறது. புற்றில் ஆள் இருக்கிறவரை கறையான்கள் அதைத் தலையெடுக்க விடுவதில்லை. அவை காலிசெய்துவிட்டுப் போனதும் கருத்த ஒல்லி விரல்கள் வரிசையாகக் கிளம்பிவிடும். மண்ணுக்கு அடியில் இது கருப்பாக, கெட்டியாக ஒரு கிழங்கும் வைக்கிறது. அதைக் கேரளத்தில் 'நிலமாங்ங' என்பார்கள், தரைக்குள் காய்த்த மாங்காய். நாட்டு வைத்தியத்தில் அதற்கு மதிப்பு உண்டு. ஒரே பூஞ்சை இனம், மேலே பார்த்தவனுக்குப் பிணத்தின் விரல், கீழே தோண்டியவனுக்கு மாங்காய்.

யூதாசின் காது என்று ஒன்று. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எல்டர் என்ற மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டான் என்றும், அதனால் அந்த மரத்தில் அவன் காது முளைக்கிறது என்றும் ஐரோப்பாவில் கதை. ஆங்கிலத்தில் யூதாஸ் தேய்ந்து 'யூதனின் காது' ஆகி, ஒரு இனத்தையே இழுக்கிறது என்று இப்போது 'ஜெல்லிக் காது' என்கிறார்கள். இதன் உறவுக்காரர்கள் நம் பக்கமும் மழைக்காலத்தில் பட்ட மரக்கிளைகளில் தொங்குவதைப் பார்க்கலாம். தொட்டால் நிஜக் காது மடல் மாதிரியே குளிர்ந்து வளையும். வெயிலில் சுருங்கிச் சருகாகிவிடும், மறுபடி நனைந்தால் விரிந்துகொள்ளும். சீனர்களுக்கு இது மரக்காது, சூப்பில் போடுகிற சாதாரணச் சாமான். ஆங்கிலத்தில் இதைக் கருப்புப் பூஞ்சை என்றும் விற்பார்கள். 2021இல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சை நோய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெயர் மட்டும்தான் ஒன்று.

ஆல்ஃபிரட் ராஜாவின் கேக்கும் எனக்குப் பிடித்த பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஒரு பகுதியை ஆண்ட ராஜா, டேனியர்களுக்குப் பயந்து ஒரு குடியானவள் வீட்டில் ஒளிந்திருந்தாராம். அடுப்பில் கேக் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று அவள் சொல்லிவிட்டுப் போக, ராஜா யோசனையில் ஆழ்ந்து கருகவிட்டார், வாங்கிக் கட்டிக்கொண்டார். பட்ட மரத்தில் கரிக்கட்டி உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பூஞ்சைக்கு அதுதான் பெயர். நம் ஊரில் யாராவது பெயர் வைத்திருந்தால் கருகின பணியாரம் என்று வைத்திருப்பார்கள். காய்ந்த உருண்டையில் ஒரு பொறி பட்டால் அணையாமல் வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். தீப்பெட்டி வராத காலத்தில் நெருப்பைக் கையோடு கொண்டுபோக உதவியது.

அப்புறம் தலைப்பில் சொன்னது. பள்ளிக்கூட மைதானத்தில் உருண்டையாக முளைத்து, மிதித்தால் புஸ்ஸென்று பழுப்புப் புகை கக்குகிற காளானைச் சின்ன வயதில் மிதிக்காதவர்கள் குறைவு. அந்தப் புகை அத்தனையும் அதன் வித்து. அறிவியலில் அதன் பெயர் லைகோபெர்டான். கிரேக்க மொழியில் லைகோஸ் என்றால் ஓநாய், பின்பாதி குசு. உலகத்துப் பேராசிரியர்கள் எல்லாம் கருத்தரங்கில் கோட்டு போட்டு நின்று உச்சரிக்கிற பெயர் இதுதான். இன்னொரு பேரினத்துக்குப் போவிஸ்டா என்று பெயர். அது பழைய ஜெர்மனில் பெட்டை நரியின் குசு. லத்தீன் பெயர் என்றாலே கண்ணியம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

அதைவிட மோசமானவரும் இருக்கிறார். 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 'வெட்கங்கெட்ட லிங்கம்' என்ற பொருளில் ஃபாலஸ் இம்பூடிகஸ் என்று ஒரு காளானுக்குப் பெயர் வைத்தார். உருவம் அப்படி. நாற்றமோ அழுகின மாமிசம். அந்த நாற்றத்துக்கு வருகிற ஈக்கள் மூலமாகத்தான் அதன் வித்து பரவுகிறது. சார்லஸ் டார்வினின் மகள் ஹென்ரியெட்டா, காட்டில் இது முளைத்தால் மோப்பம் பிடித்துப் போய்ப் பறித்து வந்து, வேலைக்காரப் பெண்களின் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டு வரவேற்பறைக் கணப்பில் போட்டு எரிப்பாராம். குடும்பத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். இதன் வெப்பநாட்டுத் தங்கை மூங்கில் காடுகளில் வருவாள். தலையிலிருந்து இடுப்பு வரை வெள்ளை வலை தொங்கும், அதனால் மணப்பெண் முக்காடு என்று பெயர். சீனர்கள் அதைக் காயவைத்து விருந்துக்குச் சமைக்கிறார்கள்.

ஒரே காளானை ஊருக்கு ஊர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். இத்தாலிக்காரர்கள் பன்றிக்குட்டி என்று ஆசையாகச் சொல்கிற போர்ச்சினி, ஜெர்மனியில் கல்காளான், ஹாலந்தில் அணில் ரொட்டி, இங்கிலாந்தில் காலணா பன். நீளநீளமான வெள்ளை இழைகளாகத் தொங்குகிற இன்னொன்று ஆங்கிலத்தில் சிங்கத்தின் பிடரி, சீனத்தில் குரங்குத் தலை, ஜப்பானில் மலைத் துறவியின் பெயர் தாங்கிய காளான்.

ஆனால் ஆங்கிலப் பெயர்கள் எல்லாமே பாட்டி காலத்துப் பெயர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான காளான்களுக்கு அங்கேயும் லத்தீன் பெயர் மட்டும்தான் இருந்தது. சாதாரண ஜனங்களுக்கு ஆர்வம் வர வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துச் சூட்டியவை நிறைய. 2003இல் பிரிட்டனில் பரிந்துரைக்கப்பட்ட ஆங்கிலப் பெயர்கள் என்று ஒரு பட்டியலே வெளியிட்டார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, பெயர் இருந்தால்தான் ஒரு பொருளைக் கண் தேடும். நம்மிடமும் புதுப்பெயர்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கடையில் கிடைக்கிற மொட்டுக்காளானும் சிப்பிக்காளானும் ஆங்கிலத்திலிருந்து நேராக இறங்கியவை. பால்காளான் இந்திய மண்ணில் பிறந்தது. மேற்கு வங்கத்தில் 1974இல் விவரிக்கப்பட்டது. 1998இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்ற பெயரில் அதை ரகமாக வெளியிட்டது. ஏபிகே என்றால் நம் அருப்புக்கோட்டை. இத்தனை அழகான ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு ஏபிகே என்று சுருக்கியதில்தான் எனக்கு வருத்தம்.

இனி இரண்டாவது கேள்வி. பெயரை நம்பினால் என்ன ஆகும்? பிரான்சில் 'சாவின் ஊதுகுழல்' என்று ஒரு கருப்புக் காளான் இருக்கிறது. கேட்டாலே நடுங்கும், ஆனால் சமையல்காரர்கள் தேடி வாங்குகிற நல்ல காளான். 'சாவுத் தொப்பி' என்ற பெயர் உண்மை பேசுகிறது. ஆனால் தின்று பிழைத்த பலர் அது ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். 'அழிக்கும் தேவதை'யும் ஆளைக் கொல்வதுதான், ஆனால் பால் வெள்ளை, பார்க்கவும் லட்சணம். 'குடிகாரன் வினை' என்று அழைக்கப்படும் மைக்காளான் தனியாகத் தின்றால் ஒன்றும் செய்யாது. தின்றபின் சில நாட்களுக்குள் மது உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியில் கொண்டுபோய் விடும். குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்ஃபிராம் மாத்திரையும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது.

நம் பக்கம் கவனிக்க வேண்டிய ஆள் வேறு. புல்தரையில், மேய்ச்சல் நிலத்தில் பெரிய வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதில்களோடு நிற்கும். தின்ற சில மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். இதன் குடையை ஒடித்து வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தாளில் பச்சையாகப் பொடி படிந்திருக்கும். முற்றிய குடையில்தான் அது நன்றாகத் தெரியும், இளசு ஏமாற்றிவிடும். பச்சை விழாவிட்டால் நல்லது என்றும் அர்த்தம் இல்லை, சாவுத் தொப்பியின் பொடி வெள்ளைதான்.

வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி தின்றிருந்தால் நல்லது, நன்றாகக் கொதிக்கவிட்டால் விஷம் போய்விடும், இந்த நான்கையும் இன்றோடு மறந்துவிடுங்கள். சாவுத் தொப்பியின் நஞ்சு கொதித்தாலும் சாகாது, பூச்சியும் நத்தையும் அதைத் தின்றுவிட்டு சௌக்கியமாகப் போகும். புற்றுக்காளானை வாங்குவதானால், வருடா வருடம் அதே புற்றில் பறித்துத் தாமே சமைத்துச் சாப்பிடுகிறவர்களிடம் மட்டும் வாங்குங்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போய் நீங்களே பறிப்பதற்குச் சட்டத்திலும் இடமில்லை.

தின்ற பிறகு சந்தேகம் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். உடனே வாந்தி வருவதைவிட, ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தியும் பேதியும் தொடங்குவதுதான் அதிக ஆபத்து. நடுவில் ஒரு நாள் தெளிந்த மாதிரி இருக்கும், அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சமைக்காத காளான் மிச்சம் இருந்தால், அடித்தண்டோடு காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பாலித்தீன் பை வேண்டாம், போய்ச் சேர்வதற்குள் வியர்த்துக் குழைந்துவிடும்.